நித்தியகல்யாணியும் நாலுகால் நோயாளியும்

காலில் முள் தைத்துப் புண்ணாகிவிட்டால் இரண்டு நாளில் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்படும். "நெறி கட்டியிருக்கிறது. புண் ஆறினால் தானே கரைந்துவிடும்" என்று வீட்டுப் பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. உடம்பெங்கும் ஓடுகிற நிணநீருக்கு ஆங்காங்கே காவல் சாவடிகள் இருக்கின்றன. புண் வழியாக உள்ளே நுழைந்த கிருமியை அந்தச் சாவடியில் நிறுத்தி, அங்குள்ள வெள்ளை அணுக்கள் சண்டை போடுகின்றன. சண்டைக்கு ஆள் சேர்க்கும்போது சாவடி வீங்குகிறது. சண்டை முடிந்ததும் ஆட்கள் கலைந்து போகிறார்கள், வீக்கமும் வடிந்துவிடுகிறது.

சில சமயம் புண்ணும் இருக்காது, கிருமியும் இருக்காது. காவலாளிகள் மட்டும் பத்து நூறாகி, நூறு லட்சமாகிக் கலையவே மாட்டோம் என்று நிற்பார்கள். பிறகு ஒரு சாவடியிலிருந்து இன்னொரு சாவடிக்கும், அங்கிருந்து மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்கும் பரவுவார்கள். காவலுக்கு வைத்த படையே கோட்டையைப் பிடித்துக்கொள்வது சரித்திரத்தில் பல ராஜ்யங்களில் நடந்திருக்கிறது, உடம்பிலும் நடக்கிறது. இந்த வியாதிக்கு லிம்போமா என்று பெயர். மனிதர்களுக்கு வருவதுபோலவே நாய்களுக்கும் இது வருகிறது. நாய்களைத் தாக்கும் புற்றுநோய்களில் அடிக்கடி காணப்படுகிறவற்றுள் இதுவும் ஒன்று.

நாயின் வியாதிக்கு ஒரு சரித்திரக் கட்டுரையா என்று வாசகர்கள் சிரிக்கலாம். நானும் இதைத் தேடிப் போகவில்லை. மருந்துகளின் பூர்வோத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது இது தானாக வந்து மாட்டிக்கொண்டது. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் காட்சிசாலை, யுத்தத்தில் உபயோகித்த விஷம், தீப்பிடித்த துறைமுகம், எட்டு மூலைக் கோட்டை, நம் ஊர் வேலியோரத்தில் பூக்கிற ஒரு செடி ஆகிய இத்தனையும் சேர்ந்துதான் இன்று ஒரு நாயின் நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது என்று தெரிந்ததும், கதை எழுதிப் பழகிய என் கை சும்மா இருக்கவில்லை.

முதல் அத்தியாயம் லண்டனில் கய் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. அங்கே தாமஸ் ஹாட்ஜ்கின் என்று ஒரு டாக்டர் இருந்தார். குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சேர்ந்தவர். இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்து, நோய் விட்டுச் சென்ற அடையாளங்களைக் காட்சிசாலையில் சேர்த்து வைப்பது அவருடைய உத்தியோகம். 1832-ஆம் ஆண்டில் மருத்துவ சங்கம் ஒன்றில் அவர் ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் விபரீதமாக வீங்கி இறந்துபோன ஏழு பேரின் விவரம் அதில் இருந்தது. மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்து எழுதியதல்ல. கண்ணால் கண்டதையும் கையால் தொட்டு உணர்ந்ததையும் கொண்டே எழுதியது. வேறு ஏதோ நோயின் விளைவாக இந்தக் கணுக்கள் வீங்கவில்லை, கணுக்களுக்கே வந்த வியாதி இது என்று அவர் வாதித்தார். கேட்டவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஹாட்ஜ்கினுக்கு இன்னொரு குணமும் உண்டு. வட அமெரிக்காவில் தோல் வியாபாரம் செய்த கம்பெனி அங்குள்ள பழங்குடிகளைப் படுத்தும் பாட்டை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியின் பொக்கிஷதாரருக்கும் அந்தக் கம்பெனிக்கும் நெருங்கிய சம்பந்தம். 1837-இல் மேல்பதவி காலியானபோது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டே போய்விட்டார். பல வருஷங்கள் கழித்து அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் என்ற டாக்டர், தாமே புதிதாகக் கண்டதாக எண்ணிய வியாதியை ஹாட்ஜ்கின் முன்பே எழுதிவிட்டார் என்று அறிந்தார். பொறாமைப்படாமல் 1865-இல் அதற்கு ஹாட்ஜ்கின் நோய் என்றே பெயர் வைத்தார். மறு வருஷம் ஹாட்ஜ்கின் பாலஸ்தீனத்தில் யாஃபா நகரில் காலமானார்.

பிற்பாடு ஆராய்ந்தபோது இதே மாதிரி கணுக்களைத் தாக்கும் புற்றுநோய்கள் இன்னும் பல உண்டென்று தெரிந்தது. அவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி 'ஹாட்ஜ்கின் அல்லாதவை' என்று சீட்டு ஒட்டினார்கள். தாம் கண்ட வியாதிக்கும், காணாத வியாதிக்கும் ஒரே மனிதரின் பெயர் அடையாளமாகிவிட்டது! நாய்களுக்கு வருவதில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது மூட்டையைச் சேர்ந்தவைதாம். பழைய கால்நடை மருத்துவ நூல்களில் 'லிம்போசார்க்கோமா' என்று இதைக் குறித்திருப்பார்கள். அந்தப் பெயரை 1860-களில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ. மனித வைத்தியத்துக்கும் மிருக வைத்தியத்துக்கும் நடுவே சுவர் எழுப்பக்கூடாது என்ற கொள்கை உடையவர் அவர்.

வியாதியைக் கண்டுபிடிப்பது எப்படி? இதற்கு எங்கள் தெருவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மணி என்று ஒரு நாய் வளர்த்தார். ஏழு வயது லாப்ரடார் நாய். ஒருநாள் அதன் கழுத்துப் பட்டையை மாட்டும்போது வழக்கமான துளையில் கொக்கி விழவில்லை. நாய் பெருத்துவிட்டது என்று எண்ணி அடுத்த துளையில் மாட்டினார். அடுத்த வாரம் அதுவும் போதவில்லை. தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. நாய் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. வாலாட்டுவதிலும் குறை வைக்கவில்லை. அழுத்தினால் வலிப்பதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. "ஏதாவது பூச்சி கடித்திருக்கும் சார்" என்று என்னிடம் சொன்னார்.

கால்நடை மருத்துவர் தாடையோடு நிற்கவில்லை. தோளுக்கு முன்புறம், அக்குள், தொடை இடுக்கு, பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம் என்று ஒவ்வோர் இடமாகத் தடவினார். எல்லா இடத்திலும் சாவடிகள் வீங்கியிருந்தன. முட்டிக்குப் பின்னால் இருந்த கணுவில் மெல்லிய ஊசியைச் செருகி, வந்த துளியைக் கண்ணாடித் துண்டில் இழுத்துத் தேய்த்து, சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். தாடைக் கணுவை விட்டுவிட்டு முட்டிக் கணுவை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று பிறகு விசாரித்தேன். தாடைக்குப் பக்கத்திலேயே எச்சில் சுரப்பி இருக்கிறது; ஊசி தவறி அதில் போய்விடலாம். பல் ஈறு கெட்டிருந்தாலும் தாடைக் கணு வீங்கி ஆளை ஏமாற்றும். ஆகையால் தூரத்துச் சாவடியை விசாரிப்பதே உத்தமம் என்றார்.

அந்தத் துளியில் என்ன பார்க்கிறார்கள்? ஆரோக்கியமான கணுவில் சிறிய முதிர்ந்த அணுக்களே மிகுதி. பெரியவை இடையிடையே கொஞ்சம் இருக்கும். கிருமியோடு சண்டை நடந்தால் பலவகை அணுக்கள் கலந்து, திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். லிம்போமாவிலோ எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே முகம், அதுவும் பெரிய, பக்குவப்படாத முகம். சந்தேகம் வந்தால் கணுவையே வெட்டி எடுத்துப் பரிசோதிப்பது உண்டு. அதோடு, 2003-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு சோதனையையும் நாய்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நிணநீர் அணுவின் மரபுப் பொருளிலும் அதற்கே உரிய முத்திரை ஒன்று உண்டு. சாதாரண வீக்கமானால் ஆயிரம் முத்திரைகள் தெரியும். புற்றுநோயானால் அத்தனை அணுவும் ஒரே தகப்பனின் பிள்ளைகள்; ஒரே முத்திரைதான் தெரியும்.

இதற்குப் பிறகு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? 1980-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வீட்டு மிருகங்களின் கட்டிகளுக்கென்று ஒரு வரிசை ஏற்படுத்தியது. அதில் லிம்போமாவுக்கு ஐந்து படிகள். ஒரே கணு என்றால் முதல் படி; மஜ்ஜைக்கோ ரத்தத்துக்கோ போய்விட்டால் ஐந்தாம் படி. நாய் உற்சாகமாக இருக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்பதையும் கூடவே குறித்துக்கொள்வார்கள். இரண்டாவது கேள்வி, கலகம் செய்வது 'பி' என்னும் அணுவா, 'டி' என்னும் அணுவா? பொதுவாக 'பி' வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். 'டி' வகையில் பெரும்பாலானவை முரடு. 'டி' வகையில் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் உண்டு. பாக்ஸர் ஜாதி நாய்களுக்கு இந்த 'டி' வகை அதிகமாக வருகிறது.

மணிக்கு வந்தது 'பி' வகை. ஒன்றும் செய்யாமல் விட்டால் நாலு முதல் ஆறு வாரம் என்று மருத்துவர் சொன்னாராம். தலைமையாசிரியர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து வெகு நேரம் பேசவே இல்லை. அவரைச் சற்று உட்கார வைத்துவிட்டு, நாம் மருந்துகளின் கதையைப் பார்ப்போம்.

முதலாவது உலக யுத்தத்தில், 1917-ஆம் வருஷம், ஜெர்மானியர் கடுகு வாயு என்னும் விஷத்தை பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்துப் போர்முனையில் வீசினார்கள். கண்ணையும் தோலையும் மூச்சுக் குழாயையும் வேகவைக்கும் கொடிய விஷம் அது. அதற்கு ஆளாகி இறந்த சிப்பாய்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அற்றுப் போயிருந்தன என்று கிரம்பார் என்ற அமெரிக்க டாக்டர் 1919-இல் எழுதினார். அந்த வரியின் உட்பொருளை அப்போது யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது யுத்தம் வந்தது. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் லூயி குட்மன், ஆல்ஃப்ரெட் கில்மன் என்ற இருவரிடம், கடுகு வாயுவின் தம்பியான நைட்ரஜன் மஸ்டர்டை ஆராயும் ரகசிய வேலை ஒப்படைக்கப்பட்டது. வெள்ளை அணுக்களைக் கொல்லும் விஷமானால், வெள்ளை அணுக்களே கலகம் செய்யும் வியாதிக்கு அது மருந்தாகுமே என்று அவர்களுக்குத் தோன்றிற்று. லிம்போமா கண்ட ஒரு சுண்டெலிக்கு ஊசி போட்டார்கள். கட்டி கரைந்தது.

1942 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, கழுத்திலும் தாடையிலும் கட்டி பெருத்து, விழுங்கவும் முடியாமலிருந்த ஒரு தொழிலாளிக்கு முதல் ஊசி போடப்பட்டது. யுத்த ரகசியமானதால் மருந்தின் பெயரைக்கூட எழுதாமல் 'எக்ஸ்' என்று குறித்தார்கள். பத்து நாளில் கட்டிகள் உருகின. மனிதர் தலையைத் திருப்பினார், சாப்பிட்டார். பிறகு கட்டிகள் திரும்பி வந்தன. மறுபடி ஊசி போட்டதில் பலன் குறைந்தது. அந்த டிசம்பரில் அவர் காலமானார். நோய் பின்வாங்கும், பதுங்கும், மருந்துக்குப் பழகிக்கொண்டு மீண்டும் வரும் என்ற பாடம் அந்த முதல் நோயாளியிடமே முழுவதும் எழுதப்பட்டிருந்தது. பின்னால் வந்த ஆராய்ச்சியெல்லாம் இந்தப் பாடத்தோடு நடத்திய வழக்குதான்.

மறு வருஷம், 1943 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, இத்தாலியின் கிழக்குக் கரையில் உள்ள பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. எரிந்த கப்பல்களில் ஒன்று ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பல். அதில் 2000 கடுகு வாயுக் குண்டுகள் ரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. கடலில் விழுந்து நீந்தியவர்கள் விஷம் கலந்த எண்ணெயில் தோய்ந்து கரையேறினார்கள். என்ன விஷம் என்று ஆஸ்பத்திரிக்கு யாரும் சொல்லவில்லை. 600 பேருக்கு மேல் விஷத்துக்கு ஆளாகிப் படுத்தார்கள். 80 பேருக்கு மேல் இறந்தார்கள். துறைமுகத்து ஜனங்களில் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. ஸ்டீவர்ட் அலெக்ஸாண்டர் என்ற ராணுவ டாக்டர்தான் மேலிடத்தின் மறுப்பையும் பொருட்படுத்தாமல் இது கடுகு வாயு என்று நிரூபித்தார். வெள்ளை அணுக்கள் எப்படி மறைந்தன என்று அவர் எழுதிய அறிக்கை, யேல் ஆராய்ச்சிக்கு இன்னொரு சாட்சியமாயிற்று. புற்றுநோய் மருந்தே பாரியில்தான் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. முதல் நோயாளிக்கு ஊசி போட்டது அதற்கு ஒரு வருஷம் முந்தியே. ரகசியம் அவிழ்ந்து யேல் டாக்டர்களின் கட்டுரை வெளிவந்தது 1946-இல். அந்த விஷத்தையே சாதுவாக்கி 1950-களின் கடைசியில் ஜெர்மனியில் செய்த சைக்ளோபாஸ்பமைடு, இன்று நாயின் மருந்துச் சீட்டில் இடம் பெறுகிறது.

இனி நம் ஊர்ச் செடிக்கு வருவோம். கோயில் நந்தவனத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு பூப்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் அதற்குப் பெயர் உண்டு. மங்கலமும் அமங்கலமும் ஒரே செடிக்கு! அதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. 1952-இல் கனடா தேசத்து டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து அவருடைய நோயாளி ஒருவர் தபாலில் 25 இலைகளை அனுப்பினார். அங்குள்ளவர்கள் நீரிழிவுக்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். கிளார்க் நோபிள் ஒரு விசித்திரமான துரதிர்ஷ்டசாலி. 1921-இல் பாண்டிங் இன்சுலின் ஆராய்ச்சி தொடங்கியபோது, உதவிக்கு யார் முதலில் போவது என்று இவரும் சார்லஸ் பெஸ்ட் என்பவரும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். பெஸ்ட் ஜெயித்தார், புகழும் அவருக்கே போயிற்று. அந்த ஆராய்ச்சி நடந்ததும் நாய்களை வைத்துத்தான்.

இலைகளை நோபிள் தம் சகோதரர் ராபர்ட்டிடம் கொடுத்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாறு ஏற்றிய எலிகள் கிருமி தொற்றி இறந்தன. ஏன் என்று பார்த்தால், வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன! தோற்றுப்போன மருந்தென்று தூக்கி எறியாமல் அந்த மரணத்தை விசாரித்ததுதான் அவருடைய பெருமை. சார்லஸ் பீர் என்ற ரசாயனியுடன் சேர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற சத்தைப் பிரித்து வெளியிட்டார். எலி லில்லி கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களும் அதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பிரித்த வின்கிரிஸ்டின் 1963-இல் மருந்தாக அனுமதி பெற்றது. ஒரு கிராம் சத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்களில் வானம் பார்த்த பூமியில் இந்தச் செடியைப் பயிராக்கி, இலையையும் வேரையும் ஏற்றுமதி செய்கிறார்கள். இருபது கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு தடவை போடுவது அரை மில்லிகிராம் அளவுதான். ஒரு சொட்டு நரம்பை விட்டு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து போகும்.

மூன்றாவது மருந்தும் பாரிக்குப் பக்கத்து மண்ணிலிருந்து வந்ததைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாரியிலிருந்து சுமார் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடரிக் சக்கரவர்த்தி கட்டிய காஸ்டெல் டெல் மான்டே என்ற கோட்டை இருக்கிறது. எட்டு மூலை, மூலைக்கு ஓர் எட்டு மூலைக் கோபுரம். 1950-களில் அந்தக் கோட்டையருகே எடுத்த மண்ணில் சிவப்புச் சாயம் சுரக்கும் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. இத்தாலியின் ஃபார்மிடாலியா கம்பெனி அதிலிருந்து முதலில் ஒரு மருந்தும், பிறகு 1969-இல் டாக்ஸோரூபிசின் என்ற இன்னொன்றும் பிரித்தது. அட்ரியாட்டிக் கடலின் ஞாபகமாக அதற்கு அட்ரியாமைசின் என்று பெயரிட்டார்கள். விஷக் கப்பல் எரிந்ததும் அந்தக் கடல் ஓரத்தில்தான். மருந்து முளைத்ததும் அந்தக் கடல் ஓரத்தில்தான். ஆனால் அளவு மீறினால் இந்தச் சிவப்பு மருந்து இருதயத்தையே பழுதாக்கும்.

நாலாவது, 1955-இல் விற்பனைக்கு வந்த பிரெட்னிசோன் மாத்திரை. ஐந்தாவதின் கதை வேடிக்கையானது. 1953-இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்பவர், கினிப்பன்றியின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரைச் செலுத்தினால் சுண்டெலிகளின் லிம்போமா கரைவதைக் கண்டார். குதிரை, முயல் ரத்தத்துக்கு அந்தச் சக்தி இல்லை. ஏன்? அஸ்பராஜின் என்ற சத்தைத் தின்றுவிடும் அஸ்பராஜினேஸ் என்ற பொருள் கினிப்பன்றியின் ரத்தத்தில் இருக்கிறது என்று 1961-இல் புரூம் என்பவர் விடை சொன்னார். நல்ல அணுக்கள் அந்தச் சத்தைத் தாமே சமைத்துக்கொள்ளும். லிம்போமா அணுக்களுக்குச் சமைக்கத் தெரியாது, பட்டினியால் சாகும். நம் தண்ணீர்விட்டான் கொடியின் உறவுச் செடியில் முதன்முதலில் கிடைத்ததால் அந்தச் சத்துக்கு அப்படிப் பெயர். 1967-இல் லாயிட் ஓல்டு என்பவரும், பென்சில்வேனியா கால்நடை மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் பிராடியும், மற்றும் சிலரும் இந்த மருந்தால் லிம்போமா நாய்களுக்கு நேர்ந்த குணத்தை விவரித்து எழுதினார்கள்.

ஒரு மருந்துக்குப் பழகிய அணு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும் என்பதால், இவற்றைக் கலந்து வாரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கும் முறை 1970-கள் முதல் கால்நடை வைத்தியத்தில் வளர்ந்தது. சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோன் நான்கும் சேர்ந்ததை 'சாப்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலை வகுத்த அட்டவணைப்படி இது சுமார் ஆறு மாதம் நடக்கும். பத்து நாய்களில் எட்டு, ஒன்பதுக்குக் கட்டிகள் கரைந்துவிடுகின்றன. ஆனால் பெரும்பாலும் அது தற்காலிகம்தான். சராசரியாக ஒரு வருஷம். நாலைந்தில் ஒன்று இரண்டு வருஷம் தாண்டும். பிரெட்னிசோனை மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம். அதுமட்டுமல்ல, வியாதி இன்னதென்று தெரியுமுன் 'வீக்கம் வடியட்டும்' என்று பிரெட்னிசோன் கொடுத்துவிட்டால், பரிசோதனையும் குழம்பும். பிறகு கொடுக்கும் மருந்துகளின் பலனும் குறையும். கோலி ஜாதி நாய்கள் சிலவற்றுக்கு இந்த மருந்துகளில் சில பிறவியிலேயே ஒத்துக்கொள்ளாது என்பதன் காரணத்தையும் 2001-இல் கண்டுபிடித்தார்கள்.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். மனிதனுக்குக் கொடுக்கும்போது, வாந்தி வந்தாலும் சரி, மயிர் கொட்டினாலும் சரி, நோயை வேரோடு பிடுங்க வேண்டும் என்று எல்லை வரைக்கும் மருந்தை ஏற்றுகிறார்கள். அவன் நாளைய சுகத்துக்காக இன்றைய துன்பத்தைச் சம்மதித்து ஏற்கிறான். நாய்க்கு நாளை என்பது கிடையாது. அதன் சம்மதத்தை யாரும் வாங்க முடியாது. ஆகையால் கால்நடை மருத்துவர்கள் மருந்தைக் குறைத்தே கொடுக்கிறார்கள். குணப்படுத்துவதைவிட, இருக்கும் நாட்களை நல்ல நாட்களாக்குவதே அவர்கள் குறி. பெரும்பாலான நாய்களுக்கு ரோமம்கூட உதிர்வதில்லை, மீசைதான் போகும். பூடில் மாதிரி ஓயாமல் ரோமம் வளரும் ஜாதிகளுக்குத்தான் உதிரும்.

திண்ணையில் இருந்த தலைமையாசிரியர் இதைத்தான் என்னிடம் கேட்டார்: "ஒரு வருஷத்துக்காக இவ்வளவு செலவு செய்வதா சார்? பேரன் படிப்புக்கு என்று வைத்த பணத்தில் கை வைக்க வேண்டும். ஊரார் சிரிக்க மாட்டார்களா?" நான் பதில் சொல்லுமுன் அவருடைய மனைவி, வாசலில் நின்றபடியே, "நாய்க்கு ஏழு வயசு. அதற்கு ஒரு வருஷம் என்றால் நமக்கு எத்தனை வருஷம் என்று கணக்கு வாத்தியாராயிருந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. மணி பதினாலு மாதம் இருந்தது. அதில் பன்னிரண்டு மாதம் தெருப்பிள்ளைகளுடன் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தது. வியாதி திரும்பி வந்தபோது மறுபடி மருந்து வேண்டாம் என்று அவரே தீர்மானித்தார். இரண்டு தீர்மானங்களும் சரியென்றே எனக்குப் பட்டது. பணமில்லாமல் முதல் தீர்மானத்தை எடுக்க முடியாதவர்களின் அன்பு குறைந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

நாயிடம் நாம் பட்டிருக்கும் கடன் வேறு. டான்னல் தாமஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1950-களிலிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றும் வித்தையை நாய்களை வைத்துப் பழகினார். எத்தனையோ நாய்கள் மாண்டபின் மனிதர்களுக்குப் பலன் தந்தது. 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1970-களில் அவருடைய குழுவினர் அதே வித்தையை, வீடுகளில் வளர்ந்த லிம்போமா நாய்களுக்கு வைத்தியமாகச் செய்து, சிலவற்றை நெடுநாள் வாழ வைத்தார்கள். சோதனைப் பிராணி நோயாளியாக உயர்ந்தது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2005-இல் நாய் இனத்தின் மரபுக் குறிப்பை முழுவதும் படித்து வெளியிட்டார்கள். அதற்கு ரத்தம் தந்தது டாஷா என்ற பெண் பாக்ஸர். 2010-இல் இப்ருடினிப் என்ற புதிய மருந்தை லிம்போமா வந்த வீட்டு நாய்கள் எட்டுக்குக் கொடுத்துப் பார்த்ததில் மூன்றுக்குப் பலன் தெரிந்தது. மூன்று வருஷத்தில் அது மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. நாய் லிம்போமாவுக்கென்றே முழு அனுமதி பெற்ற முதல் மருந்து ராபக்ஃபோசடின். அமெரிக்க சர்க்கார் அனுமதி தந்தது 2021-இல். மனிதன் தன் நோய்க்கு வைத்த மருந்தில் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்த பிராணிக்குத் தனி இலை போட இத்தனை காலம் ஆயிற்று.

வீட்டில் நாய் வளர்க்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மாதம் ஒருமுறை குளிப்பாட்டும்போது தாடைக்குக் கீழும், தோளுக்கு முன்னும், பின்னங்கால் முட்டிக்குப் பின்னும் விரலால் தடவிப் பாருங்கள். வலியில்லாத கெட்டியான கட்டி இரண்டு, மூன்று இடங்களில் தட்டுப்பட்டால், கரையட்டும் என்று காத்திருக்காமலும், கைவசம் இருக்கும் மாத்திரையைக் கொடுக்காமலும், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். தொடுவதை நாய் ஒருநாளும் ஆட்சேபிக்காது.